ஒளியில் தோன்றாத ஹீலியம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விண்மீன்கள் நம் கைக்கு எட்டாதவை. அவற்றினின்று நமக்கு வந்து சேரும் ஒளியை நிறமாலையாக விரித்தால் இடையிடையே கோடுகள் தோன்றும். இன்ன மூலகம் இன்ன கோட்டை இடும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெளிந்த செய்தி. ஆதலின் கோடுகளைக் கொண்டு விண்மீனில் உள்ள பொருள்களை அளந்தறிகின்றோம். ஆனால் ஹைட்ரஜனுக்கு அடுத்தபடி மிகுந்துள்ள ஹீலியம் இவ்வளவைக்கு எளிதில் அகப்படுவதில்லை.

அதன் வரலாறே விந்தையானது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூருக்கு வந்தார். குண்டூர் அந்நாளில் நம் சென்னை மாகாணத்து ஊர். அக்கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பில் எழுந்த சுடர்களின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு காணப்பட்டது. இங்கிலாந்தில் லாக்கியர் அதனை ஆராய்ந்து, புதிய மூலகம் எனத் துணிந்தார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ஹீலியம் என்னும் பெயர் பிறந்தது. 1895இல்தான் ராம்சே அதனைப் பூமியில் கண்டெடுத்தார்.

எனினும் சூரியனின் ஒளிமுகத்தில் அக்கோடு இல்லை. ஹீலிய அணுவைக் கிளர்த்த ஏறத்தாழ 20 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். மிக்க வெப்பமுள்ள விண்மீன்களே அதனை அளிக்க வல்லன. முதுமையுற்றுப் பருத்துச் சிவந்த பெருவிண்மீன்களோ சூரியனினும் குளிர்ந்தவை; அவற்றின் ஒளிமுகத்தில் ஹீலியம் நிறைந்திருந்தும் வாய் திறவாது.

இதற்கு நம்மவர் கண்ட வழியைக் கேளுங்கள். அத்தகைய விண்மீனில் மக்னீசிய அணுக்கள் சில தனித்து நிற்கும். சில ஹைட்ரஜனோடு கூடி மூலக்கூறாகும். இரண்டும் தத்தம் குறியை நிறமாலையில் இடும். மாப்பிள்ளைகள் நிறைந்த ஊரில் திருமணங்கள் குறைந்தால், பெண்கள் குறைவு என்று தரகர் சொல்லிவிடுவார் அன்றோ? அதுபோல், தனித்த மக்னீசியத்தின் அளவுக்கு ஏற்றபடி கூட்டு இல்லையெனில் ஹைட்ரஜன் குறைவு என்று பொருள். குறைந்த ஹைட்ரஜனின் இடத்தை நிரப்பியிருப்பது ஹீலியமே. ஹீலியத்தின் விகிதத்தை மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, இருவகைக் குறிகளும் மக்னீசியத்தின் ஒரே அளவைக் காட்டும் இடத்தில் நிறுத்தினால் விடை கிடைக்கும். கேட்க எளிது, வெப்பநிலையைச் சிறிது பிழையாகக் கொண்டாலும் கணக்கு முழுதும் சாயும்.

ஓமேகா சென்டாரி என்னும் விண்மீன் திரள் ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மே மாத இரவில், நகர விளக்கொளி இல்லாத இடத்தில், தென்வானில் தாழ நோக்கினால் மங்கிய புள்ளியாகத் தெரியும். அதன் இளநிலை விண்மீன்கள் இரு வரிசையாகப் பிரிந்திருப்பதை 2004இல் ஹப்பிள் தொலைநோக்கியின் படங்கள் தெளிவாகக் காட்டின. நீலம் மிகுந்த வரிசையில் ஹீலியம் மிகுதி என அறிஞர் கருதினர். அங்ஙனமாயின், அவ்வரிசையில் பிறந்து முதிர்ந்த பெருவிண்மீன்கள் எங்கே? அவற்றிலும் ஹீலியம் மிகுந்திருக்க வேண்டுமே!

ஹேமா, கஜேந்திர பாண்டே ஆகிய இருவரும் இதனைத் தேடினர். சவ்வாது மலையில் உள்ள காவலூரில், 1986 முதல் இயங்கிவரும் 93 அங்குல வைணு பாப்பு தொலைநோக்கியே அவர்களுக்குத் துணை. அதில் ஐயத்திற்கு இடமாகிய விண்மீன்களில் இரண்டைத் தென்னாப்பிரிக்கப் பெருந்தொலைநோக்கியால் நுணுகி ஆராய்ந்தனர். 2020இல் வெளியிட்ட முடிவு இது: இயல்பான விண்மீனில் நூறு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பத்து ஹீலிய அணுக்கள், இவ்விரண்டில் ஒன்றில் பதினைந்து, மற்றதில் இருபது. எடைக் கணக்கில் இது நூற்றுக்கு 37 முதல் 44 வரை ஆகும். ஒப்புநோக்க எடுத்துக்கொண்ட வேறிரு விண்மீன்களில் அதே முறை இயல்பான பத்தையே காட்டியது. இதுவே எனக்கு மிகுந்த நம்பிக்கை ஊட்டிய செய்தி.

இத்துணை ஹீலியத்தை அவ்விண்மீன்களுக்கு அளித்தவை யாவை என்பதில் அறிஞர் இன்னும் ஒருமித்தாரில்லை. முன் தோன்றி மடிந்த விண்மீன்கள் உமிழ்ந்த வாயுவினின்று இவை பிறந்தன என்பர் பலர். அம்முன்னோர் எவ்வகையினர் என்பதே இப்போதுள்ள வழக்கு.