மலை ஏறும் முன் பசியாறுங்கள்

நடைப்பயிற்சிக் குழுவினரிடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை



நான் மருத்துவர் இல்லை, தாதியும் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்துவிட்டு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கிளினிக்கில் காத்திருக்கும்போது உங்கள் கைக்கு வரும் தமிழ்க் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்களில் நானும் ஒருத்தி. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுதியதை ஒரு நாள் நானே செய்ய வேண்டி வந்தது. அந்த நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எந்த மலை?

நெகிரி செம்பிலான், ரெம்பாவில் இருக்கிறது குனோங் டத்தோ. உயரம் 884 மீட்டர். கினபாலு மலையின் 4,095 மீட்டரோடு ஒப்பிட்டால் இது சிறிய மலைதான். ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம். அதனால்தான் புதியவர்கள் பலரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். தொடக்கத்திலேயே பாதை செங்குத்தாக ஏறும். படிக்கட்டு கிடையாது, மரவேர்களே படி. பல இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். உச்சியில் வீடு அளவுக்குப் பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. அவற்றின் மேல் ஏற இரும்பு ஏணிகள் வைத்திருக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் மலாக்கா நீரிணை வரை தெரியும்.

அந்த ஏணியில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. துணைக்கு என் பெரியம்மா மகனை அழைத்தேன். அண்ணனுக்கு வயது 46, லோரி ஓட்டுகிறார். இனிப்பு நீர் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உடல் எடையைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் கூறியிருந்தார்கள். "நீ கூப்பிடுறே, நான் வரேன்" என்று உடனே சம்மதித்தார்.

நாங்கள் செய்த தவறுகள்

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். நான் நாசி லெமாக் சாப்பிட்டேன். அண்ணன் சீனி போடாத தே-ஓ மட்டும் குடித்தார். "வயிறு கனமா இருந்தா ஏற முடியாது" என்றார். ஆனால் காலையில் போட வேண்டிய மாத்திரைகளை மறக்காமல் போட்டுக்கொண்டார். மருந்தைத் தவறவிடாத மனிதர் என்று நான் மனத்துக்குள் பாராட்டினேன்.

அந்த மாத்திரைகளில் ஒன்று கிளிக்லசைட். அது இன்சுலின் சுரப்பைத் தூண்டி இரத்தத்தில் உள்ள சீனியைக் குறைக்கும் மருந்து. சாப்பிடாமல் அதைப் போட்டுக்கொண்டு கடினமாக உழைத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். மலை ஏறும்போது தசைகளும் சீனியை எடுத்துச் செலவழிக்கும். ஒரு பக்கம் மருந்து, ஒரு பக்கம் உழைப்பு, நடுவில் காலி வயிறு. இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. ஒரு கையேட்டில் நானே தமிழில் எழுதிய செய்திதான். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது தவறு: சீனி அளவு பார்க்கும் கருவியைக் காரிலேயே விட்டுவிட்டோம். மூன்றாவது: இருவருமே அதற்கு முன் எந்தக் குன்றும் ஏறிப் பழகியதில்லை.

"நீ போ, நான் இங்கேயே இருக்கேன்"

8 மணிக்கு ஏறத் தொடங்கினோம். முதல் அரை மணி நேரத்திலேயே இருவர் சட்டையும் நனைந்துவிட்டது. நம் நாட்டுக் காட்டில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் காயாது, உடல் சூடும் எளிதில் தணியாது. அண்ணன் முதலில் பழைய பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வந்தார். பிறகு பாட்டு நின்றது. பிறகு பேச்சும் நின்றது.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெரிய வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்த இளைஞர்கள், "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தண்ணீரை நீட்டினேன். "வேணாம்னு சொன்னா விடமாட்டியா!" என்று கத்தினார். என் அண்ணன் என்னிடம் ஒரு நாளும் கத்தியவர் இல்லை. சற்று நேரம் கழித்து, "நீ போ, நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்கிறேன். நான் போகத் தொடங்கினேன். எனக்குக் கோபம், கூடவே உச்சியைப் பார்க்கும் ஆசை. பத்துப் பன்னிரண்டு அடி ஏறியிருப்பேன். ஏதோ உறுத்தவே திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. மூடியைத் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருந்தார். நாள் முழுவதும் ஸ்டியரிங் பிடிக்கும் கை அது.

நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம், குழப்பம். நான் மொழிபெயர்த்த பட்டியல் அப்படியே என் கண்முன் இருந்தது. இறங்கி ஓடினேன்.

ஒரு பெயர் செய்த வேலை

என் பையில் ஆரஞ்சுச் சாறு பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றில் குழாயைக் குத்தி நீட்டினேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு இனிப்பு நீர். இனிப்பைக் கொண்டாந்து நீட்டுறியே" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கையேட்டில் நாங்கள் 'நீரிழிவு' என்று எழுதுகிறோம். வீட்டில் நாம் எல்லோரும் 'இனிப்பு நீர்' என்கிறோம். அந்தப் பெயரிலேயே இனிப்புதான் எதிரி என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக இனிப்பை ஒதுக்கியே பழகியவர். சீனி குறைந்து மூளை தடுமாறும் நேரத்திலும் அந்தப் பழக்கம் மட்டும் உறுதியாக நின்றது. உயிரைக் காக்க வேண்டிய சாற்றை நஞ்சைப் போல ஒதுக்கினார்.

'இரத்தச் சர்க்கரைக் குறைவு' என்று நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் அங்கே என் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. "அண்ணே, சீனி ரொம்ப இறங்கிருச்சி. இப்ப இதுதான் மருந்து. குடிங்க" என்றேன். 'மருந்து' என்ற சொல் வேலை செய்தது. குடித்தார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 15 நிமிடம். நடுக்கம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கருவி இல்லாததால் அளந்து பார்க்கவும் வழியில்லை. இரண்டாவது பாக்கெட்டையும் கொடுத்தேன். இன்னும் 15 நிமிடத்தில் என்னைப் பார்த்து, "நான் உன்னைத் திட்டினேனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் கண் கலங்கிவிட்டது. பிறகு பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டார்.

தெளிந்ததும் பாறைகளின் அடிவாரம் வரை மெதுவாகப் போனோம். ஏணி கண்ணெதிரே இருந்தது. தூரத்தில் இடி உறுமியது. அண்ணனின் கால்களில் இன்னும் பலம் வரவில்லை. இரும்பு ஏணி, வெட்டவெளிப் பாறை, இடி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பதில் ஒன்றுதான். திரும்பிவிட்டோம். இறங்கும்போது நான் படம் எடுக்கவில்லையே என்று நினைக்கவே இல்லை.

நினைவில் வைக்க வேண்டிய 15

மறுவாரம் அண்ணனோடு நானும் கிளினிக்குக்குப் போனேன். மருத்துவ அதிகாரி திட்டவில்லை, விளக்கினார். அவர் சொன்னதையும் கையேடுகளில் உள்ளதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

இரத்தத்தில் சீனி 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது குறைவு. அறிகுறிகள்: நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பசி, படபடப்பு, தலைசுற்றல், எரிச்சல், குழப்பம். கருவி கையில் இல்லாவிட்டால் சந்தேகமே போதும், உடனே கவனியுங்கள்.

1. வேகமாக உடலில் சேரும் மாவுச்சத்து 15 கிராம் கொடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனி கலந்த தண்ணீர், அல்லது முக்கால் கோப்பை பழச்சாறு, அல்லது ஒரு மேசைக்கரண்டி தேன்.
2. 15 நிமிடம் காத்திருங்கள். நடக்க வேண்டாம்.
3. மீண்டும் அளந்து பாருங்கள். 4-க்குக் கீழேயே இருந்தால், அல்லது அறிகுறி போகவில்லை என்றால், மறுபடியும் 15 கிராம்.
4. தெளிந்த பிறகு பிஸ்கட், ரொட்டி போன்ற உணவு கொடுங்கள்.

சாக்லெட் இதற்கு ஏற்றதல்ல. அதிலுள்ள கொழுப்பு, சீனி சேர்வதைத் தாமதப்படுத்தும். 'சீனி இல்லாதது' என்று எழுதியிருக்கும் பானம் சுத்தமாக உதவாது. மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள்.

இன்னொன்று: கடினமாக உழைத்த பிறகு பல மணி நேரம் கழித்தும், தூக்கத்தில்கூட, சீனி இறங்கலாம். அன்று இரவு படுக்கும் முன் அளந்து பாருங்கள்.

இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி அல்ல. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி இப்படி இறங்குவது அரிது. கிளிக்லசைட் போன்றவை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மலைக்குப் போகும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

புறப்படும் முன்

இனிப்பு நீர் இல்லாதவர்களுக்கும் சில வார்த்தைகள்.

- இரத்தக் கொதிப்போ இருதய நோயோ இருந்தால், அல்லது நீண்ட காலம் உடற்பயிற்சி செய்யாதவராக இருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.
- மலை உங்கள் முதல் பயிற்சியாக இருக்கக் கூடாது. வாரத்திற்கு 150 நிமிட வேக நடை பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் குறைந்த அளவு. அது பழகிய பிறகு மாடிப்படி, பிறகு சிறிய குன்று.
- ஏறும்போது பேச முடிய வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு இறுகினாலோ வலித்தாலோ நிறுத்துங்கள். 'வாயுவாக இருக்கும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் 999-ஐ அழையுங்கள்.
- தண்ணீரை அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஓடை நீரை அப்படியே குடிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படியும் பரவும்.
- வெயிலிலும் புழுக்கத்திலும் ஒருவர் உளறத் தொடங்கி, உடலும் கொதித்தால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே உதவிக்கு அழையுங்கள்.
- இறங்குவது எளிது என்று நினைக்காதீர்கள். தொடைத் தசையும் முழங்காலும் அதிகம் பாடுபடுவது அப்போதுதான். குட்டையான அடி வையுங்கள். பிடிப்புள்ள காலணி அணியுங்கள்.
- நம் நாட்டில் பிற்பகலில் இடிமழை வழக்கம். அதிகாலையில் தொடங்குங்கள். திரும்ப வேண்டிய நேரத்தைக் கீழேயே முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்தால், உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்புங்கள்.
- அடிவாரத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுக்குள் கைப்பேசிக்கு எல்லா இடத்திலும் தொடர்பு கிடைக்காது.

இரண்டாவது முறை

மூன்று மாதம் கழித்து அண்ணனே என்னைக் கூப்பிட்டார். அதற்குள் ஒவ்வொரு வாரமும் வீட்டருகில் உள்ள திடலில் நடந்து பழகியிருந்தார். மருந்தின் அளவை மருத்துவர் அந்த நாளுக்கென்று மாற்றிக் கொடுத்திருந்தார். இந்த முறை அண்ணன் தோசை சாப்பிட்டார். ஏறும் முன் சீனியை அளந்தார். 5-க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் மாவுச்சத்து சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அளவு நன்றாகவே இருந்தது. சட்டைப் பையில் சீனிப் பொட்டலம், என் பையில் நான்கு பாக்கெட் சாறு. மணிக்கு ஒரு முறை நின்று ஏதாவது சாப்பிட்டோம்.

ஏணியில் ஏறினோம். உச்சியில் மேகம் மூடியிருந்தது. மலாக்கா நீரிணை மட்டுமல்ல, அடுத்த பாறையே சரியாகத் தெரியவில்லை. அண்ணன் பாறைமேல் உட்கார்ந்து பழைய பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடினார்.

இன்று இங்கே வந்திருக்கும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் இருந்தால், இன்று இரவே அவரிடம் சொல்லுங்கள்: "சீனி இறங்கினால் இனிப்புதான் மருந்து. நான் கொடுத்தால் மறுக்காமல் குடிக்க வேண்டும்." தெளிவாக இருக்கும்போதே இந்த வாக்கை வாங்கி வையுங்கள். நடுங்கும் நேரத்தில் விளக்கம் சொல்ல நேரம் இருக்காது.

ஏறுவதற்கு முன் பசியாறுங்கள். கூட வருபவரை விட்டுவிட்டு முன்னே போகாதீர்கள்.