அலறும் குழலும் அதன் பெயரும்

வீதியிலே வண்டி செலுத்துபவன் முன்னே நடப்பவனுக்குத் தன் வரவை அறிவித்தல் வேண்டும். மிகவும் எளிய கடமை இது. காளையின் கழுத்து மணியும், குதிரையின் சதங்கையும், வண்டிக்காரனின் குரலும் இக்கடமையைப் பன்னெடுங்காலம் நிறைவேற்றி வந்தன. வண்டியின் வேகமோ குறைவு. அதனை இழுத்த பிராணிக்கோ எதிரே நிற்பவனைக் கண்டு தானாகவே விலகும் அறிவு இருந்தது. ஆகவே மெல்லிய ஓசையே போதுமானதாயிற்று.

இயந்திர வண்டிக்கு அவ்வறிவு கிடையாது. இங்கிலாந்திலே 1865ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வீதியிற் செல்லும் இயந்திர வண்டிக்கு அறுபது யார் முன்பாக ஒருவன் செங்கொடி பிடித்து நடந்து செல்ல வேண்டுமென விதித்தது. அன்று எச்சரிக்கை என்பது ஓர் ஆளாகவே இருந்தது. இலேசான மோட்டார் வண்டிகள் 1896ஆம் ஆண்டில் இக்கட்டுப்பாடுகளினின்றும் விடுபட்டன. நடந்து சென்ற மனிதனின் பணியைப் பித்தளைக் குழலொன்று ஏற்றுக்கொண்டது. குழலின் ஒரு நுனியில் இறப்பர்ப் பந்து. அதனுள்ளே சிறியதொரு நாக்கு. பந்தை அழுத்தியதும் காற்றுப் பாய்ந்து நாக்கை அதிரச் செய்யும். வாத்துக் கத்துவது போன்ற ஓசை எழும். வண்டிகளின் தொகையும் வேகமும் பெருகப் பெருக, அவ்வோசை வீதியின் பேரிரைச்சலில் அமிழ்ந்து போயிற்று.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டவருள் மில்லர் றீஸ் ஹட்சிசன் என்பவர் முக்கியமானவர். 1876ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திற் பிறந்த இவர், முதலிற் புகழ் பெற்றது முற்றிலும் எதிரான ஒரு துறையிலாகும். செவிப்புலன் குன்றியவர்களுக்காக மின்சாரத்தால் இயங்கும் கேட்புக் கருவியை ஆக்கியவர் அவரே. ஏழாவது எட்வேட் மன்னரின் மனைவியாரான அலெக்சாண்ட்ரா அரசியாரும் காது மந்தமுடையவர். ஹட்சிசனின் கருவியைப் பயன்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். கேளாதாருக்கு மெல்லிய ஒலியையும் கேட்பித்த அதே மனிதர், கேட்க விரும்பாதாரையும் கேட்கச் செய்யும் கொடிய ஒலி ஒன்றினைப் பின்னர் உருவாக்கினார். முதலில் ஊரவரைச் செவிடராக்கிப் பின் அவர்களுக்குக் கேட்புக் கருவி விற்கவே ஹட்சிசன் இவ்வாறு செய்தார் என்று ஒரு கேலிப் பேச்சு அக்காலத்தில் வழங்கியது. அதனைச் சொன்னவர் எழுத்தாளர் மார்க் ட்வெயின் என்பர்.

கருவியின் அமைப்பு நுட்பமானது. ஆயினும் விளங்குவதற்கு எளியது. எஃகினாலாய மெல்லிய வட்டத் தகடொன்று குழலின் அடியிற் பொருத்தப்பட்டிருக்கும். தகட்டின் நடுவே ஒரு சிறு குமிழ். அதனைத் தொட்டும் தொடாமலும் ஒரு பற்சக்கரம் நிற்கும். மின்சார மோட்டார் சக்கரத்தைச் சுழற்ற, பற்கள் ஒவ்வொன்றும் குமிழைத் தட்டிச் செல்ல, தகடு வளைந்து வளைந்து மீளும். அந்த அதிர்வையே குழல் பெருக்கி வெளியே விடுகிறது. சக்கரம் வேகங் கொள்ளும்போது சுருதி ஏறுகிறது. ஓய்ந்து வரும்போது இறங்குகிறது. ஏறி இறங்கும் அந்த ஒலியை அமெரிக்கர் ‘ஆ-ஊ-கா’ என்று எழுத்திலே வடித்தனர். புல்லாங்குழலிலே காற்று வழுக்கிச் செல்கிறது. இங்கே இரும்பு இரும்பை அறைகிறது. இனிமை என்பது இதில் அணுவளவுமில்லை. இனிமையின்மையே இதன் பயன். இனிய ஒலியாயின் மனிதன் நின்று இரசிப்பான். கடூரமான ஒலியானால் திடுக்கிட்டு விலகுவான்.

நியூ ஜேர்சி மாநிலத்து நியூவாக் நகரில் இருந்த லவல் மக்கொனல் கம்பெனியார் இவ்வொலிப்பானை 1908ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டு வந்தனர். சரக்குக்குப் பெயர் வேண்டுமல்லவா? அலறுதல், கீச்சிடுதல் எனப் பொருள்படும் பழைய கிரேக்க வினைச்சொல்லொன்றிலிருந்து ‘கிளாக்ஸன்’ என்ற பெயரை ஆக்கினர். அது ஒரு வியாபாரக் குறி. ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியது. ஆயினும் பெயர் அந்த வேலியைத் தாண்டிச் சென்றது. பிரெஞ்சு மொழியில் எந்த மோட்டார் வண்டியின் ஒலிப்பானும் ‘கிளாக்ஸன்’ ஆயிற்று. அதிலிருந்து ஒரு வினைச்சொல்லும் கிளைத்தது. ஸ்பானிய மொழி அதனை ஏற்றது. ஜப்பானியர் தம் நாவுக்கு இசையத் திரித்து வழங்குகின்றனர். கம்பெனியோ பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெருநிறுவனத்துட் கலந்துவிட்டது.

வீதிக்காகப் பிறந்த கருவி யுத்தகளத்துக்கும் சென்றது. முதலாம் உலகப் போரிலே நச்சுவாயு அகழிகளை நோக்கி வருவதைக் காவலர் கிளாக்ஸன் ஒலித்து அறிவித்தனர். அவ்வொலியைக் கேட்ட போர்வீரன் உண்பதையும் உறங்குவதையும் விட்டு முகமூடியை எடுத்தான். தாமதித்தவன் மூச்சை இழந்தான். தாழப் பறந்த ஆகாய விமானங்களிலிருந்து, கீழே முன்னேறும் படையினரை அவர்கள் நிற்கும் இடத்தைக் காட்டுமாறு கேட்பதற்கும் இக்கருவி பயன்பட்டது. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களிலே ‘மூழ்குக’ என்னும் ஆணைக்கு இதே ஒலி அடையாளமாயிற்று. உயிருக்கும் மரணத்துக்கும் இடையே இருந்த சில விநாடிகளை இக்குழல் காவல் செய்தது என்று கூறினால் மிகையாகாது.

போர் முடிந்தபின் இப்பெயர் இலக்கிய உலகிற் புகுந்தது. பிறேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில், 1922ஆம் ஆண்டு பெப்ரவரியில், நகரப் பெருநாடக அரங்கிலே நவீன கலை வாரம் ஒன்று நிகழ்ந்தது. பழைய யாப்பையும் பழைய பாணியையும் உதறிய இளங் கவிஞரும் ஓவியரும் இசைஞரும் அங்கே கூடினர். மானுவேல் பண்டெய்ரா என்னும் கவிஞர் நோயினால் வர இயலாதிருந்தமையின், தவளைகளைப் பற்றிய அவருடைய கவிதையை வேறொருவர் வாசித்தார். ஓசைநயத்தை மட்டும் போற்றும் புலவர்களைத் தவளைகளாக்கி நகைத்த கவிதை அது. அவையோர் கூச்சலிட்டும் சீட்டியடித்தும் எதிர்த்தனர். சங்கீத மேதை வில்லா லோபோஸ் காலில் ஏற்பட்ட நோவினால் ஒரு பாதத்திற் செருப்பணிந்து மேடையேற, அதுவும் ஒரு புதுமைக் கோமாளித்தனமே என்று கருதிச் சிலர் ஏளனஞ் செய்தனராம்.

அக்கூச்சலுக்கு மறுமொழியாக, அதே ஆண்டு மே மாதத்தில், அக்குழுவினர் ஒரு மாத சஞ்சிகையைத் தொடங்கினர். அதன் பெயர் ‘கிளாக்ஸன்’. மாரியோ டி அந்திராடே முதலியோர் அதில் எழுதினர். அட்டையிலே நெடிதுயர்ந்த ஓர் ‘ஏ’ எழுத்து நிற்க, பல சொற்கள் அந்த ஒற்றை எழுத்தையே தமக்கும் பொதுவாகக் கொண்டிருந்தன. சங்கும் முரசும் சபையைக் கூட்டும் வாத்தியங்கள். தமிழ்ப் பத்திரிகைகள் முரசின் பெயரைச் சூடிக்கொண்டதை அறியாதார் இலர். சிங்கப்பூரில் 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஒன்றே சான்றாகும். பிறேசில் இளைஞர் தெரிந்தெடுத்ததோ சபையைக் கூட்டும் ஒலியன்று. வழியை மறித்து நிற்பவனை விலகச் சொல்லும் ஒலி. 1923ஆம் ஆண்டு ஜனவரியிலே, எட்டாம் ஒன்பதாம் இலக்கங்களை ஒன்றாக்கிய இதழோடு அச்சஞ்சிகை நின்றது. ஆயுள் ஓராண்டுகூட இல்லை. எனினும் பிறேசிலின் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனைக் கூறாது செல்வதில்லை.

அயர்லாந்திலும் அப்பெயர் ஒருமுறை ஒலித்தது. ஜேம்ஸ் ஜொய்ஸின் ‘யுலிசீஸ்’ நாவலைப் பற்றி லெவந்தால் என்னும் டப்ளின் அறிஞர் எழுதிய மதிப்புரையை அச்சுக்கோக்க அச்சகத்தார் மறுத்துவிட்டனர். மறுக்கப்பட்டவர் வாளாவிருக்கவில்லை. 1923ஆம் ஆண்டின் இறுதியில் ‘கிளாக்ஸன்’ என்ற பெயரில் தாமே ஒரு சஞ்சிகையை வெளியிட்டு, புனைபெயரில் அம்மதிப்புரையை அதிற் சேர்த்தார். வந்தது ஓர் இதழே. ஆனால் தடுக்கப்பட்ட குரல் வெளியே கேட்டுவிட்டது.

சங்கீதத்திலே இக்கருவிக்கு இடமளிக்கத் துணிந்தவர் இன்னும் அதிகம். இத்தாலிய ஓவியர் லூயிஜி றுஸோலோ, நகரத்தின் இரைச்சலும் இசையாகும் என்று 1913இல் எழுதினார். இரைச்சலை எழுப்பும் பெட்டிகளையும் தாமே செய்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜோர்ஜ் ஜேர்ஷ்வின் பாரிஸ் நகரத்து டாக்சிக் குழல்களை வாங்கிச் சென்று, ‘பாரிஸில் ஓர் அமெரிக்கன்’ என்னும் தம் வாத்திய இசையில் ஒலிக்கச் செய்தார். அது 1928ஆம் ஆண்டு டிசம்பரில் நியூ யோர்க் கார்னகி மண்டபத்தில் அரங்கேறியது. அவை பற்சக்கரக் கிளாக்ஸன்களல்ல. பந்தை அழுத்தி ஊதும் பழைய குழல்கள். இசைப் பிரதியில் அந்நான்கு குழல்களுக்கும் ஏ, பி, சி, டி என அடையாளமிடப்பட்டிருந்தது. பிற்காலத்து வாத்தியக் குழுக்கள் அவற்றை மேல்நாட்டுச் சுரங்களின் பெயர்களாகக் கொண்டு, அச்சுரங்களுக்கேற்ற குழல்களைத் தேடி வாசித்தன. அவை சுரப்பெயர்களல்ல, இன்ன குழல் என்று காட்டும் வெறும் அடையாளங்களே என்ற கருத்தை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஜேர்ஷ்வின் உடனிருந்து 1929இற் பதிவான இசைத்தட்டை அவர்கள் சான்றாகக் காட்டினர். அதிலே குழல்கள் ஒன்றோடொன்று இணங்காது முரண்பட்டு ஒலிக்கின்றன. பல்லாண்டுகளாக இசையுலகம் அந்த இரைச்சலை இனிமைப்படுத்தியே கேட்டு வந்ததுபோலும்.

றுமேனியாவிற் பிறந்த லிகெட்டி, 1978இல் ஸ்ரொக்ஹோமில் அரங்கேறிய தம் இசைநாடகத்துக்குப் பன்னிரண்டு மோட்டார்க் குழல்களாலேயே முன்னுரை அமைத்தார். உலகம் அழியப்போகிறது என்ற கதைக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை. 2007ஆம் ஆண்டில், பன்மையிலே ‘கிளாக்ஸன்ஸ்’ எனப் பெயர் சூடிய இலண்டன் இளைஞர் குழுவொன்று தன் முதல் இசைத்தொகுப்புக்கே பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசைப் பெற்றது. அவ்வேளையில் பற்சக்கர ஒலிப்பான் சாதாரண வண்டிகளினின்றும் எப்போதோ மறைந்துபோயிருந்தது. கருவி போயிற்று, பெயர் நின்றது.

இவ்வரலாற்றிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அகழியிலே அவ்வொலி எழுந்தபோது ஒவ்வொருவனும் அதற்குச் செவிசாய்த்தான். அது வீணாக எழாது என்பதை அவன் அறிவான். நகர வீதியிலோ பொறுமையின்மையும் கோபமும் செருக்கும் அதே குழலால் ஊதப்படுகின்றன. அவ்வாறு ஓயாது ஊதப்படும் எச்சரிக்கை, நாளடைவில் வீதியின் இரைச்சலோடு இரைச்சலாகிவிடுகிறது. உண்மையாகவே ஆபத்து வரும்போது அதனைக் கேட்டு விலகுவார் இல்லை. ஒன்பது இலக்கங்களே வந்த சஞ்சிகையும், ஒரே ஓர் இதழாக வந்த சஞ்சிகையும் இன்றும் நினைக்கப்படுகின்றன. சொல்லவேண்டியது இருந்தபோது அவை ஒலித்தன. ஒலிக்குழலின் மீது கையை வைப்பவன், முன்னே நடந்து செல்பவன் தன் செவியை நம்பி நடக்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.