வக்கீல் வரும்வரை காத்திருப்பதா?

(பாகாயத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, எல்லோருக்கும் ஜெய் பீம்.

இந்த வணக்கத்தையே தலைப்பாக வைத்து 2021இல் ஒரு படம் வந்தது. 1993இல் கம்மாபுரம் போலீசார் பிடித்துப்போன ராஜாக்கண்ணு லாக்கப்பில் அடித்துக் கொல்லப்பட்ட வழக்குதான் கதை. அதன்பிறகு 'ஆட்கொணர்வு மனு' என்ற சொல் டீக்கடைப் பேச்சுக்கே வந்துடுச்சு. நூறு கருத்தரங்கம் போட்டும் நம்மால் ஆகாத காரியம் இது.

ஆனா நாம யாரைப் பார்த்து மெய்சிலிர்த்தோம்? வாதாடிய வக்கீலை. புருஷனைத் தேடி, பணத்துக்கும் மிரட்டலுக்கும் மசியாம நின்ன செங்கேணியாலதானே வழக்கே நின்றது? எவனோ ஒருத்தன் வந்து காப்பாற்றுவான் என்பது சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த பழைய பாடம்.

நாளைக்கே ஆம்பூரில், ஷிப்டு முடிந்து வருகிற தோல் தொழிலாளியைப் போலீஸ் பிடித்தால் என்ன செய்வோம்? என்ன காரணம் என்று அவரிடம் சொல்லணும். தடுப்புக்காவல் தவிர மற்ற கைதுகளில், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தணும். அரசியல் சட்டம் 22ஆவது பிரிவு இது. சட்டவிரோதமாக அடைத்துவைத்தால் உயர்நீதிமன்றத்தில் மனுப்போட உறவுக்காரர்தான் வேணும்னு இல்லை, நண்பரும் போடலாம். நம்ம சேரியில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

படத்தின் கடைசியில் ஒரு சின்னப் பெண் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறாள். அவள் கையில் அந்தச் சட்டத்தையும் கொடுப்போம். அது நம்ம வேலை.