கூடிக் கேட்கும் கருவிகள்

இந்தியாவில் தரைவழித் தொலைக்காட்சிக்குரிய 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையில், 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்ட 15 தடங்கள் அடங்கும். தூர்தர்ஷனைத் தவிர வேறெவரும் தரைவழியே ஒளிபரப்பாத இந்நாட்டில், அவற்றுள் 12 தடங்களேனும் ஏறத்தாழ எங்கும் வெறுமையாகவே கிடக்கின்றன என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினர். இவ்வலைகள் மரங்களையும் சுவர்களையும் ஊடுருவி நெடுந்தொலைவு செல்ல வல்லவை. ஆதலால், வெள்ளகோவிலைச் சுற்றிக் கிளுவை வேலியிட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் தோட்டத்துச் சாளைகளுக்கு இணையம் கொண்டுசெல்ல மிகவும் ஏற்றவை.

உரிமம் பெற்றவர் பயன்படுத்தாத தடத்தை எடுத்துக்கொண்டு, அவர் வந்ததும் விலகிவிடும் கருவிக்கு அறிதிறன் வானொலி என்று பெயர்; 1999-இல் ஜோசப் மிட்டோலா இக்கருத்தை முன்வைத்தார். தடம் உண்மையிலேயே காலிதானா என்று உணர்வதே அதன் முதற்கடமை. சிவன்மலையின் மறைவிலோ தகரக்கூரை வேய்ந்த விசைத்தறிக் கூடத்திலோ உள்ள கருவிக்கு ஒளிபரப்பு மிக நலிந்தே எட்டும். எதுவும் கேட்கவில்லை என்பதால் தடம் காலி என்று அது முடிவுகட்டி அலைகளை அனுப்பினால், மலைக்கு இப்பாலுள்ள வீடுகளில் படம் குலையும்.

பல இடங்களிலுள்ள கருவிகள் தாம் உணர்ந்ததை ஒரு மையத்துக்கு அனுப்ப, மையம் தொகுத்து முடிவெடுப்பதே கூட்டு உணர்தல். ஒவ்வொரு கருவியும் ஒளிபரப்பை 70 விழுக்காடு கண்டறிவதாகவும், காலித் தடத்தில் 10 விழுக்காடு பொய்யாக எச்சரிப்பதாகவும் கொள்வோம். மூன்று கருவிகளில் ஒன்று ஒளிபரப்பு உண்டு என்று சொன்னாலே ஏற்பது என்ற விதி, கண்டறிதலை 97 விழுக்காட்டுக்கு உயர்த்தினாலும், பொய் எச்சரிக்கையை 27 ஆக்கிவிடும். இரண்டு சொன்னால் மட்டுமே ஏற்பது என்றால் கண்டறிதல் 78, பொய் எச்சரிக்கை ஏறத்தாழ 3. ஒளிபரப்பாளருக்கு முன்னது காப்பு, இணையம் வேண்டுவோருக்குப் பின்னது ஆதாயம். இக்கணக்கு கருவிகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் செல்லும். மூன்றும் ஒரே தறிக்கூடத்தில் இருந்தால் மூன்றும் ஒரே தவற்றையே செய்யும். ஆகவே கருவிகளின் எண்ணிக்கையைவிட அவை நிற்கும் இடங்களின் பரவலே முக்கியம்.

அமெரிக்காவின் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம் 2010-இல் உணர்தலைக் கட்டாயமாக்கும் நிபந்தனையைக் கைவிட்டு, எந்த இடத்தில் எத்தடம் காலி என்று கூறும் தரவுத்தளத்தை நம்பியது. ஒளிபரப்பாளர் ஒருவரே உள்ள இந்தியாவில் அத்தகைய பட்டியல் எளிதுதான். ஆனால் திருவிழா மேடையில் திடீரென இயங்கும் கம்பியில்லா மைக் எப்பட்டியலிலும் இராது. பட்டியலோடு கூட்டு உணர்தலும் சேர்ந்தால்தான் இத்தடங்களை ஊர்ப்புறத்துக்கு நம்பித் திறந்துவிட முடியும்.