மின்னும் தாரும் மோட்டார் சைக்கிளோட்டிகளும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சாலைப் பாதுகாப்பு என்றதும் தலைக்கவசம், விளக்கு, வேகம் ஆகிய மூன்றையும் கூறி உரையை முடித்துக்கொள்வது வழக்கம். அவற்றை நீங்கள் பன்முறை கேட்டிருக்கிறீர்கள். தலைக்கவசம் பற்றிய விதிகள் 1973ஆம் ஆண்டிலும், மோட்டார் சைக்கிளின் முன்விளக்கைப் பகலிலும் எரியவிட வேண்டும் என்னும் விதி 1992ஆம் ஆண்டிலும் வந்துவிட்டன. ஆதலின் அவற்றை இன்று விரித்துரைக்கப் போவதில்லை. வண்டியையும் ஓட்டுபவரையும் பற்றி ஓயாது பேசும் நாம், சக்கரத்தின் அடியில் கிடக்கும் சாலையைப் பற்றிப் பேசுவது அரிது. இன்று அந்தச் சாலையைப் பற்றியே, அதிலும் வெயிலில் இளகும் தாரைப் பற்றியே பேசுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, இடக்கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்த பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்தோம். நாற்பது வயதைக் கடந்தவர், நிதானமானவர். ஒரு நாள் வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் மனைவியுடன் தம் 'கப்சாய்' மோட்டார் சைக்கிளில் பட்டணத்திற்குச் சாமான் வாங்கச் சென்றார். திரும்பும் வழியில் பத்து நிமிடம் மழை தூறியது. இறக்கத்தின் அடியில் உள்ள வளைவில் லேசாகப் பிரேக்கைத் தொட்டார். அவ்வளவுதான், வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தோள் எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த அம்மையாருக்கு முழங்காலில் பலத்த அடி. மூன்று மாதம் கத்தியைத் தொட முடியவில்லை. வெட்டு இல்லையென்றால் வீட்டின் நிலை என்னவாகும் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அவர் கூறிய ஒரு சொல் நம் நெஞ்சில் நின்றுவிட்டது. "ஐயா, மற்ற இடமெல்லாம் குண்டும் குழியும். அந்த ஒரு இடம்தான் வழுவழுவென்று நல்ல ரோடு என்று நினைத்தேன்" என்றார். அவர் நல்ல சாலை என்று எண்ணித் தேர்ந்த இடமே அவரைக் கீழே தள்ளியது. கருமையாய், கண்ணாடி போல் மின்னிய அந்த இடம், தார் மேலே கசிந்து கற்களை மூடிய இடம்.

நாம் தார் என்று கூறுவது இக்காலத்தில் பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்கு மூலமான அதே கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் கரும்பசையாகும். பனிக்கட்டியைப் போல் ஒரே சூட்டில் உருகும் பொருளன்று அது. மெழுகைப் போல் சிறிது சிறிதாக இளகும். சாதாரணத் தார் ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் மென்மையாகிவிடும். 'காற்றின் சூடு 34 பாகைதானே?' என்று நீங்கள் கேட்கலாம். கரிய சாலை வெயிலைக் குடித்துக்கொண்டே இருப்பதால், பிற்பகல் இரண்டு மணி அளவில் அதன் மேற்பரப்பு 60 பாகையை எட்டுவதுண்டு. வடக்கே பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காற்றின் வெப்பமே 40.1 பாகையாகப் பதிவாயிற்று. அன்று அங்குள்ள சாலைகள் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் தோட்டத்தில் வாழும் நீங்கள் கண்டிருப்பீர்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கின்றன. மற்ற நாளில் நிழல் விழும் தோட்டத்தோரச் சாலை அப்பொழுது முழு வெயிலில் காய்கிறது. ஆண்டின் கொடிய வெயிலும் நிழலற்ற மரங்களும் ஒன்று சேர்ந்து வரும் காலம் அது.

நன்கு போடப்பட்ட சாலையில் பாரத்தைத் தாங்குவது கல். தார் அக்கற்களைப் பிணைக்கும் பசை மட்டுமே. தார் அளவுக்கு மிஞ்சினாலோ, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் கற்களை அழுத்தித் தாருக்குள் புதைத்தாலோ, பசை மேலே வந்துவிடுகிறது. பற்றிக்கொள்ளச் சொரசொரப்பான கல் இல்லாததால் டயர் வழுக்குகிறது. மாலையில் சாலை குளிர்ந்ததும் இது சரியாகிவிடும் என்று எண்ணுவது பெருந்தவறு. மேலே வந்த தார் தானாகக் கீழே இறங்குவதில்லை. இறுகி வழவழப்பாகவே கிடக்கிறது. அதன்மேல் மழை விழுந்தால், நீர் ஒதுங்கிச் செல்லக் கற்களுக்கிடையே இடுக்கு இல்லை. டயருக்கும் தாருக்கும் நடுவே நீர்ப்படலமாக நிற்கிறது. பகல் வெயிலில் உண்டான ஆபத்து, மாலை மழையிலும் மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் புறப்படும் வேளையிலும் காத்திருக்கிறது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

காருக்கு நான்கு சக்கரங்கள். ஒன்று வழுக்கினாலும் மற்றவை தாங்கும். மோட்டார் சைக்கிளின் டயர் சாலையைத் தொடும் இடமோ உள்ளங்கையினும் சிறியது. நம் நாட்டில் சாலையில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறக்கலாகாது.

ஆகவே சாலையின் நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். சாம்பல் நிறமாய்க் கல் தெரியும் பகுதி நம்பத்தக்கது. கருத்து மின்னும் பகுதி ஐயத்திற்குரியது. இது பெரும்பாலும் லாரிச் சக்கரத் தடங்களிலும், வளைவுகளிலும், இறக்கத்தின் அடியிலும், சந்திப்பிலும் தோன்றும். அதனை அடைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதன்மீது இருக்கும்போது பிரேக் பிடிக்கவோ, வண்டியைச் சாய்க்கவோ, திடீரென முறுக்கவோ வேண்டாம். எதிர்பாராமல் அதில் ஏறிவிட்டால், கைப்பிடியை நேராகப் பிடித்து, முறுக்கை மெல்லத் தளர்த்திக் கடந்து செல்லுங்கள். சறுக்கும் சக்கரத்தின் பிரேக்கை இன்னும் அழுத்துவது நம் இயல்பு. அந்த இயல்பே நம்மை வீழ்த்துகிறது. பின்னால் அமரும் தாய்மார்கள் ஒரு பக்கமாகக் கால் போட்டு அமராமல், இருபுறமும் கால் வைத்து அமர்தல் நலம். கூடையும் அரிசி மூட்டையும் ஒரு கையிலும் குழந்தை மறு கையிலுமாகப் பயணம் செய்வதை நாம் பார்க்கத்தான் செய்கிறோம்!

செருப்பின் அடியில் ஒட்டிய தாரும் சிறிய செய்தியன்று. பிரேக் மிதியிலிருந்து கால் வழுக்கிவிடும். புறப்படுமுன் அதைச் சுரண்டிவிடுங்கள். டயரில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெயால் துடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. மண்ணெண்ணெய் ரப்பரை ஊதச்செய்து கெடுக்கும் என்பதை ரப்பரோடு வாழும் உங்களுக்கு நாமா சொல்ல வேண்டும்? செம்மண் பாதையில் சற்றுத் தொலைவு மெதுவாக ஓட்டினாலே பெரும்பாலும் தேய்ந்து போய்விடும்.

இதுவரை கூறியது ஓட்டுபவரின் கடமை. எனினும், தார் கசிந்த சாலையைப் பழுதுபார்ப்பது அவருடைய வேலையன்று. விழுந்தவரையே குறை கூறிவிட்டு அமைவதும், 'தலைவிதி' என்று பெருமூச்சு விடுவதும் நமக்கு உடன்பாடில்லை. இளகிய தார்மேல் கல்தூளோ சிறு சல்லியோ தூவி அழுத்தினால், தற்காலிகமாகப் பிடிப்பு உண்டாகும். இங்கிலாந்தில் பனிக்காலத்தில் உப்பு இறைக்கும் லாரிகளையே கடும் கோடையில் இப்பணிக்கு அனுப்புவதுண்டு. மிகவும் கெட்டுவிட்டால் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுதல் வேண்டும். புதிதாகத் தூவிய சல்லியும் சில நாள் உருளும். அங்கும் நிதானம் தேவை.

உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. நீங்கள் மங்கிலிருந்து எடுக்கும் கட்டிப்பாலைத் தாரில் கலந்து சாலை போடும் முறையை மலேசிய ரப்பர் வாரியம் உருவாக்கியுள்ளது. பொதுப்பணி இலாகாவும் சில சாலைகளில் அதனைப் பயன்படுத்தியுள்ளது. ரப்பர் கலந்த தார் எளிதில் இளகுவதில்லை. லாரித் தடமும் அவ்வளவாகப் பதிவதில்லை. ஆயினும் உங்கள் தோட்ட வாசலுக்கு அத்தகைய சாலை வரும்வரை, இருக்கும் சாலையில்தான் நீங்கள் சென்று வர வேண்டியுள்ளது.

இக்கூட்டம் கலைந்ததும் கிராணியார் ஒரு தாளுடன் வாசலில் நிற்பார். பட்டணத்துச் சாலையில் எந்த வளைவு மின்னுகிறது, எந்த மைல்கல்லுக்கு அருகில், யார் எங்கே வழுக்கினார் என்பதை அவரிடம் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும். தோட்டத்திற்குள் உள்ள பாதையாயின் அதனை நிர்வாகத்திடமும், வெளிச் சாலையாயின் மாவட்டப் பொதுப்பணி இலாகாவிடமும் நாம் சேர்ப்பிப்போம். அடுத்த மாதம் இங்கு வரும்போது, அவர்கள் அளித்த விடையை உங்கள் முன் படித்துக் காட்டுவோம்.