தலைகீழாகும் குரல்

கழித்தல் கணக்கைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைகளைப் பல்லாண்டு பார்த்தவன் நான். கழிக்கும் எண் வளர வளர மீதி குறையும். இன்று சொல்லப்போவதும் அவ்வளவே.

2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறிய ஹாம்சாட் என்னும் சிறு செயற்கைக்கோள், 2014 வரை அமெச்சூர் வானொலியாளர்களின் குரல்களை வாங்கித் திருப்பி அனுப்பிற்று. ஏறிய அலைவெண்ணை 581.150 மெகாஹெர்ட்ஸிலிருந்து கழித்ததே இறங்கிய அலைவெண். 435.220இல் ஏறியது 145.930இல் இறங்கும், 435.280இல் ஏறியதோ 145.870இல். மேலது கீழாயிற்று.

ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் கீழ்ப்பட்டையில் பேசினால், பேச்சு மேற்பட்டையாக வந்து சேரும். கேட்பவர் தம் கருவியையும் கீழ்ப்பட்டையிலேயே வைத்திருந்தால், கட்டை ஒலி கீச்சாகவும் கீச்சொலி கட்டையாகவும் புரளும். குமிழை எவ்வளவு திருகினாலும் ஒரு சொல்லும் விளங்காது. அலைவெண் பண்பேற்றத்தில் இத்தொல்லை இல்லை. அலை குப்புறக் கவிழ்வதைச் செவி அறியாது. ஆனால் அதே முறையில் 0, 1 என்று செய்தி அனுப்பினால் இரண்டும் இடம் மாறிவிடும்.

பின் ஏன் கழிக்க வேண்டும்? கோள் நெருங்கி வருகையில் டாப்ளர் விளைவால், ஏறும் அலை ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் வரையும், இறங்கும் அலை 3 வரையும் உயர்ந்து தோன்றும். கூட்டினால் பிழை 13. கழிக்கும் கோளிலோ முதற்பிழை குறி மாறி இறங்குவதால், எஞ்சுவது 7.