வரைபடத்தில் ஒப்பமிடுமுன் வட்டையைக் கேளுங்கள்

(நாவிதன்வெளியில் கமக்காரரும் அரச ஊழியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வயற் காணிகளை வீட்டுத் துண்டுகளாகப் பிரிப்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஒரு பொதுக் கூட்டத்திற்கு இது சிறிய விடயமென்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை அடுத்த பாராளுமன்றம் நீக்கிவிடலாம். நில அளவையாளர் கீறிய கோட்டின்மேல் சுவர் எழும்பிவிட்டால், அக்கோட்டை நம் பேரப்பிள்ளைகளாலும் அழிக்க இயலாது.

வீட்டுக் காணி தேடி வருவோரை நாம் குறை கூறவில்லை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடப்பவை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்வூர்களின் கரையோரத்தைத் துடைத்துச் சென்றது. அதன்பின் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்று அரசு முதலில் அறிவித்ததும், பின்னர் அதைத் தளர்த்தியதும் நீங்கள் அறிந்தவை. ஆகவே மக்கள் மேற்கே திரும்பிப் பார்ப்பது இயல்பு. அவர்களது தேவை நியாயமான தேவை.

ஆனால் மேற்கே இருப்பது வெற்று நிலமன்று. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் எழுந்து, அதன் நீரால் வளர்ந்த வயல்வெளிகள் இந்நாட்டின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாயின. வயலுக்கு நீர் வரும் வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் நீர் வெளியேறும் வடிச்சல். மேட்டு வயலின் வடிச்சல் பள்ள வயலின் ஊடாகவே செல்கிறது. இடையில் ஒருவர் கிரவல் கொட்டி மூன்றடி உயர்த்தினால், அவர் காணியில் நிற்க வேண்டிய மழைநீர் அயலவர் கதிரின்மேல் நிற்கும்.

மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் பாய்ந்து, நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் போக்குவரத்து அறுந்துபோவது நமக்குப் புதிதன்று. 2024 நவம்பர் 26ஆம் நாள் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியைக் கடந்த வெள்ளம், உழவு இயந்திரத்தில் சென்ற மத்ரஸா மாணவர்களை வாரிச் சென்றது. அத்துயரத்திற்குக் காணித் துண்டாடலே காரணம் என்று நாம் கூறவில்லை. நீருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அந்நாள் நமக்குக் காட்டிற்று என்றே கூறுகிறோம்.

பெரியோர்களே! போகம் தொடங்குமுன் நாம் கூட்டம் கூடுகிறோம். விதைக்கும் நாளையும், தண்ணீர் திறக்கும் நாளையும், கால்நடைகளை அப்புறப்படுத்தும் நாளையும் கமக்காரர் முன்னிலையிலேயே தீர்மானிக்கிறோம். ஒரு போகத்தின் நீருக்கே இத்தனை ஆலோசனை உண்டு. அவ்வயலே இல்லாமற் போகும் தீர்மானத்தை மட்டும், பள்ள வயற்காரனுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் ஓர் அறைக்குள் முடிப்பது எந்த நியாயம்?

சட்டம் நமக்கு முற்றிலும் துணையற்றதன்று. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த முடியாது. குடியேற்றக் கிராமங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட காணிகளை, உரிய ஒப்புதலின்றிக் கைமாற்றினால் அக்கைமாற்றம் செல்லாது. ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்துப் பத்துப் பேர்ச் வாங்கவிருக்கும் ஆசிரியரே, இவ்விரண்டையும் முதலில் நீங்கள் கேளுங்கள். பணம் கொடுத்தபின் கேட்பதிற் பயனில்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஒரு நல்ல நெறியை வகுத்தன. 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரிக்கும்போது, வீதிகள் நீங்கலாக நூற்றுக்குப் 10 பங்கு பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டுமென்று அவை விதித்தன. 3 ஏக்கர் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அது 480 பேர்ச். வீதிக்கு 80 போனால் மிச்சம் 400. பொதுவுக்கு 40 விட்டால், பத்துப் பேர்ச் துண்டுகள் 36 தேறும். அதே வயலை ஒன்றரை ஏக்கராக இரண்டு வரைபடத்தில் சமர்ப்பித்தால், இரண்டும் 1 ஹெக்டேயருக்குக் குறைந்தவை. துண்டுகள் 40 ஆகிவிடும்! பிள்ளைகளின் விளையாட்டிடமும், மழைநீர் தங்கும் பள்ளமும் நான்கு துண்டுகளாய் விலைபோய்விடும். ஆகவே வரைபடத்தை ஆராய்வோர், பக்கத்து வரைபடத்தையும் மேசைமேல் விரித்துப் பார்த்தல் வேண்டும்.

பத்தரமுல்லையில் வெள்ளநீரைத் தாங்கும் தாழ்நிலமெனப் பொதுத் தேவைக்கு எடுக்கப்பட்ட காணி, கோல்ப் மைதானத்திற்காகத் தனியாரிடம் சென்றது. 2008 ஒக்டோபரில் இந்நாட்டின் உயர் நீதிமன்றம் அதனைக் கண்டித்து, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அதிகாரம் மக்கள் ஒப்படைத்த நம்பிக்கைப் பொருள் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஜனாதிபதிக்குப் பொருந்தியது பிரதேச சபைக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். காணி என்றவுடன் இது தமிழன் காணியா, முஸ்லிம் காணியா என்று பேச்சைத் திருப்ப ஆட்கள் உண்டு. நாவிதன்வெளியில் இரு சமூகத்தாரும் வரப்போடு வரப்பாக உழுகின்றனர். வடிச்சல் அடைபட்டால் இருவர் வயலும் அழுகும். பிரித்துப் பேசுவோர் பேச்சில் மயங்கி நிற்கும் நேரத்தில் வரைபடத்தில் ஒப்பம் விழுந்துவிடும்.

எனவே சபையிடம் நாம் கேட்பவை நான்கு. எந்த வயற் காணித் துண்டாடல் விண்ணப்பமும் ஒப்பமிடப்படுமுன் சபை வாயிலிலும் கமநல சேவை நிலையத்திலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வடிச்சல் செல்லும் வழி வரைபடத்திற் குறிக்கப்பட வேண்டும். கீழ்ப்புறக் கமக்காரர் அமைப்பைக் கேட்டறிய வேண்டும். அனுமதித்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும்.

சபை தானாகத் தராவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. படித்தவர்கள் விண்ணப்பத்தை எழுதுங்கள். உழுபவர்கள் நீரோடும் வழியைக் காட்டுங்கள். வீடும் எழட்டும், வயலும் விளையட்டும். இரண்டுக்கும் இடம் காண்பதற்காகத்தான் சபையைத் தேர்ந்தெடுத்தோம். அடுத்த விண்ணப்பம் சபைக்கு வரும் நாளில் நாமும் அங்கே இருப்போம்.